லட்சம் வரி ஃபைல் பட்டியலை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். 300 கம்ப்யூட்டர்களிலும் என்னென்ன ஃபைல்கள் இருக்கின்றன என்று காட்டும் எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி மென்பொருள் போட்டிருக்கிறோம். அந்தப் பட்டியலைத் திறந்தால் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. திறந்தாலும் லட்சக்கணக்கில் வரிகள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: எந்தப் பட்டியலைத் திறக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். இந்த வகை மென்பொருள் பலவற்றில் இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்றில், ஒவ்வொரு மெஷினிலும் உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி வரி. இன்னொன்றில், ஒரே ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) உள்ள ஃபைல்களெல்லாம் சேர்ந்து ஒரே வரி. 300 மெஷினிலும் ஒரே பதிப்பு நோட்பேட் இருந்தால் முதலாவதில் குறைந்தது 300 வரி, இரண்டாவதில் ஒன்றுதான். தினசரி வேலைக்கு இரண்டாவது போதும். குறிப்பிட்ட ஒரு ஃபைல் எந்தெந்த மெஷினில் இருக்கிறது என்று தேடும்போது மட்டும் முதலாவதுக்குப் போங்கள்.

அப்புறம், ஃபில்டரைப் போட்டுவிட்டுத் திறங்கள். கடந்த 7 நாளில் புதிதாக வந்தவை மட்டும் என்று தேதியைக் கட்டுங்கள். ஃபோல்டரை வைத்துத் தேடினால் 'இப்படித் தொடங்கும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'இந்தச் சொல் உள்ள' என்று கேட்டால் டேட்டாபேஸின் வழக்கமான இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் வரிசைப் பட்டியல்) உதவாது. சொல் நடுவில் எங்கே இருக்கிறதோ என்று அத்தனை வரியையும் படித்தாக வேண்டும். திரை சுற்றுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்து, ஃபைல் எத்தனை மெஷினில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே வாரத்தில் 290 மெஷினில் முளைத்த புது ஃபைல் பெரும்பாலும் ஏதோ ஒரு அப்டேட்டாக இருக்கும். அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒரே ஒரு மெஷினில், யாரோ ஒருவரின் ஆப்டேட்டா (AppData) ஃபோல்டருக்குள், 'எஸ்விசிஹோஸ்ட்' (svchost) என்ற பெயரில், தயாரித்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஃபைல் இருக்கிறதா? மற்ற வேலையை அப்படியே விட்டுவிட்டு அதைப் பாருங்கள். அந்தப் பெயருள்ள அசல் ஃபைலுக்கு விண்டோஸ் ஃபோல்டரைத் தாண்டி வேலையே இல்லை.

டிஜிட்டல் கையெழுத்து உள்ள ஃபைல்களையெல்லாம் மறைத்துவிட்டால் பட்டியல் சுருங்கிவிடும் என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2010-ல் பிடிபட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீங்கு நிரல், சிப் நிறுவனமான ரியல்டெக்கிடமிருந்து திருடிய சான்றிதழால் கையெழுத்திடப்பட்டிருந்தது. 2017-ல், கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு, தயாரித்த நிறுவனத்தின் முறையான கையெழுத்தோடேயே தீங்கு நிரலைச் சுமந்து வந்தது. கையெழுத்தும் இருந்து, பெரும்பாலான மெஷின்களிலும் இருந்து, பழையதாகவும் இருந்தால் மட்டும் மறையுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது கண்ணில் படட்டும்.

இந்த ஃபில்டர்களை ஒரு பெயரில் சேமித்து, அதையே முகப்பாக வையுங்கள். ஃபார்மேட் செய்து புதுப் பெயர் கொடுத்த மெஷின்களின் பழைய பதிவுகளையும் நீக்கிவிடுங்கள். பாரம் நன்றாகக் குறையும்.

கேள்வி: ஆடிட்டர் முழுப் பட்டியலையும் எக்ஸெலில் கேட்கிறார். இறக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது.

பதில்: எக்ஸெலின் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிதான் கொள்ளும். ஃபைல் முழுமையாக ஏறவில்லை என்று அது சொல்லும். அந்த எச்சரிக்கையை மூடிவிட்டுச் சேமித்தால் மிச்சம் போய்விடும். பிரிவு வாரியாகப் பிரித்து இறக்குங்கள். அதற்கு முன், எதைச் சரிபார்க்கப் போகிறார் என்று ஆடிட்டரையே கேட்டுவிடுங்கள். அனுமதியில்லாத மென்பொருள்கள்தான் வேண்டுமென்றால் சில நூறு வரிகளில் முடிந்துவிடலாம்.