'சினிமாதானே' என்று விடலாமா?

கேள்வி: 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டுவாரே, அது நிஜத்தில் நடக்கவே இல்லை என்கிறான் என் மகன். நடக்காவிட்டால் என்ன, சினிமாதானே? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மகன் சொல்வது சரி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் போர்க்கைதி முகாம் ஒன்றிலிருந்து நேசநாட்டு விமானப்படையினர் சுரங்கம் தோண்டித் தப்பித்த கதை அந்தப் படம். நிஜத்தில் அந்தத் தாவல் இல்லை. படத்தில்கூடத் தாண்டியவர் மெக்வீன் அல்ல, அவருடைய நண்பர் பட் எகின்ஸ். அதை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. ஆனால் 'சினிமாதானே' என்பதை ஏற்க முடியவில்லை. இது உண்மைக் கதை, தப்பித்ததன் ஒவ்வொரு விவரமும் நடந்தபடியே இருக்கிறது என்று படமே தொடக்கத்தில் எழுதிக் காட்டுகிறது. அப்படிச் சொன்ன பிறகு நாம் கணக்குக் கேட்கலாம்.

சுரங்கம் தோண்டிய கதையில் படம் நேர்மையாகவே இருக்கிறது. ஸாகன் என்ற ஊரில் இருந்த அந்த முகாமில் கைதிகள் கட்டில் பலகைகளை உருவி, மணல் சரியாமல் முட்டுக் கொடுத்தார்கள். பால்பவுடர் டின்களைச் செருகிக் காற்றுக்குழாய் செய்தார்கள். மேல்மண் சாம்பல் நிறம், தோண்டிய மணலோ மஞ்சள். அதைக் கால்சட்டைக்குள் பைகளில் ஒளித்துப்போய், நடந்தபடியே உதிர்த்துக் காலால் கலந்துவிட்டார்கள். நூறு மீட்டர் தோண்டியும் சுரங்கத்தின் வாய் வேலிக்கு வெளியே இருந்த காட்டை எட்டாமல் முன்னாலேயே திறந்தது.

ஆட்கள் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம். 1944 மார்ச் 24 இரவு வெளியேறிய 76 பேரில் அமெரிக்கப் படைவீரர் ஒருவரும் இல்லை. அமெரிக்கர்களை மாதக்கணக்கில் முன்பே வேறு வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடைசிவரை பிடிபடாதவர்கள் மூவர்: நார்வேக்காரர் இருவர், நெதர்லாந்துக்காரர் ஒருவர். படத்தில் அந்த இடம் ஒரு போலந்துக்காரருக்கும் ஒரு பிரிட்டிஷ்காரருக்கும் ஓர் ஆஸ்திரேலியருக்கும் போய்விட்டது.

அப்புறம், அந்த ஐம்பது பேர். பிடிபட்ட 73 பேரில் 50 பேரை ஹிட்லரின் ஆணைப்படி நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ கொன்றது. படத்தில் எல்லாம் ஒரே வயல்வெளியில் முடிந்துவிடுகிறது. உண்மையில் ஒருவர், இருவர், சிலர் என்று பிரித்து, வெவ்வேறு இடங்களில் வண்டியிலிருந்து இறக்கிச் சுட்டார்கள். தப்பியோட முயன்றதாக எழுதிவைத்தார்கள். இதற்காக 1947-இல் ஹாம்பர்க்கில் விசாரணை நடந்தது. படத்தை அந்த ஐம்பது பேருக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார்கள். அவர்கள் செத்த விதத்தையாவது நடந்தபடி காட்டியிருக்க வேண்டாமா?

ரிச்சர்ட் அட்டன்பரோ ஏற்ற வேடத்துக்கு மூலமானவர் ரோஜர் புஷெல், திட்டத்தின் தலைவர். மகனோடு மறுபடி பார்க்கும்போது அவரைப் பற்றிச் சொல்லுங்கள். ஸார்புருக்கென் ரயில் நிலையத்தில் பிடிபட்டார். சாலையோரத்தில் நிறுத்திச் சுட்டபோது அவரோடு இருந்தவர் ஒரே ஒரு பிரெஞ்சு விமானி.