ராணுவத்தில் டிசெபிலிட்டி பென்ஷன் வாங்குபவருக்குப் பல் சிகிச்சை கிடைக்குமா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அப்பா வலிப்பு நோயின் காரணமாக மெடிக்கல் போர்டு (உடல் தகுதியை மதிப்பிடும் ராணுவ மருத்துவர் குழு) வழியே ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர். 40 சதவீத ஊனத்துக்குப் பென்ஷன் வாங்குகிறார். இப்போது ஈறு வீங்கிப் பற்கள் ஆடுகின்றன. மெடிக்கல் போர்டு தாளில் பல்லைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் சிகிச்சை மறுக்கப்படுமோ என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சம் தேவையில்லை. நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். காரைக்குடி வட்டாரத்தில் பென்ஷன் தாள்களோடு வருபவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன்.

டிசெபிலிட்டி பென்ஷன் பல் வைத்தியத்துக்கென்று தனியாக எதையும் தருவதில்லை. ஆனால் பென்ஷன் பெறும் முன்னாள் படைவீரர் என்ற தகுதியை அதுவே அவருக்குத் தருகிறது. அந்தத் தகுதியின் பேரில்தான், 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும், முன்னாள் படைவீரர்களுக்கான இசிஹெச்எஸ் (ECHS) மருத்துவத் திட்டத்தில் அவரும் உங்கள் அம்மாவும் சேர முடிகிறது. சேர்ந்துவிட்டால், எந்த நோய் பணியில் இருந்தபோது வந்தது, எது ஊருக்குத் திரும்பிய பின் வந்தது என்று சிகிச்சைக்காகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஊனம் எத்தனை சதவீதம் என்பதும் பல் சிகிச்சைக்குக் கணக்கில் வராது. இணையத்தில் தேடுபவர்கள் குழம்புவதற்குக் காரணம், அங்கே கிடைக்கும் விவரங்களில் பெரும்பகுதி அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றியது. அந்த நாட்டில், பணியால் ஏற்பட்ட பல் பாதிப்புக்கு இழப்பீடு பெறுபவர், போர்க் கைதியாக இருந்தவர், 100 சதவீத ஊனம் மதிப்பிடப்பட்டவர் போன்ற சில வகையினருக்கு மட்டுமே முழுமையான பல் சிகிச்சை உண்டு. அந்த விதிகளை நம் ஊர்ப் பென்ஷனோடு பொருத்திப் பார்த்து, நமக்குக் கிடைக்காது என்று ஒதுங்கிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

அப்பாவிடம் இசிஹெச்எஸ் கார்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பென்ஷனோடு மாதந்தோறும் மருத்துவப் படி வந்துகொண்டிருந்தால், பெரும்பாலும் அவர் திட்டத்தில் சேரவில்லை என்றே பொருள். சேர்ந்தால் அந்தப் படி நின்றுவிடும். என் கருத்தில் அது நட்டமில்லை, ஏனென்றால் வெளியே ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து உறை போடுவதற்கே பல மாதப் படி கரைந்துவிடும். சேரும்போது ஒருமுறை கட்ட வேண்டிய சந்தா உண்டு. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போரில் ஊனமுற்றவர்களுக்கும் அதுவும் இல்லை.

விண்ணப்பம் தடைபடுவது பெரும்பாலும் பெயரில்தான். உதாரணமாக, அம்மாவின் பெயர் ஆதாரில் வள்ளியம்மை என்று முழுதாக இருக்கும். ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கிலோ, தமிழ் அறியாத ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்துகளில் ‘வாலியம்மா’ என்று இருக்கும். இதை, அப்பாவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித்தான் திருத்த முடியும் என்பதால், அந்த வேலையை முன்னதாகவே தொடங்கிவிடுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடப்பதால், டிஸ்சார்ஜ் புக் எந்த மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டு அங்கே போவது அலைச்சலைக் குறைக்கும்.

கார்டு வந்தபின் நேராகத் தனியார் பல் மருத்துவரிடம் போகாதீர்கள். இசிஹெச்எஸ் திட்டத்தின் சொந்த மருத்துவ நிலையமான பாலிகிளினிக்கின் பல் மருத்துவர்தான் முதலில் பார்க்க வேண்டும். பல் எடுப்பது, அடைப்பது, சுத்தம் செய்வது போன்றவை பொதுவாக அங்கேயே முடியும். அங்கே செய்ய இயலாததற்கு, திட்டத்தின் பட்டியலில் உள்ள பல் மருத்துவமனைக்கு ரெஃபரல் (பரிந்துரைத் தாள்) எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாளில் எழுதிய சிகிச்சைக்கு அங்கே கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை. எழுதாத ஒன்றை மருத்துவமனை கூடுதலாகச் சொன்னால், ஒப்புக்கொள்ளும் முன் மீண்டும் பாலிகிளினிக்கில் கேளுங்கள்.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாய்ன் என்ற மாத்திரை, சிலருக்கு ஈற்றுச் சதையை அளவுக்கு மீறி வளரச் செய்யும். பள்ளத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு முன்பற்களில் பாதியை ஈறு மூடியிருந்தது; அவர் சட்டைப் பையில் வைத்திருந்த மாத்திரை அட்டையை வாங்கிப் படித்த பிறகுதான் பல் மருத்துவர் காரணத்தைச் சொன்னார். ஆகவே மாத்திரை அட்டையையும் மெடிக்கல் போர்டு தாளின் நகலையும் கட்டாயம் கொண்டு போங்கள். மாத்திரையை மாற்றலாமா என்பதை நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஈறு வீங்குகிறதென்று அப்பா தானாக நிறுத்திவிடக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து. பல் கட்டும் நிலை வந்தால், கழற்றி மாட்டும் சிறிய பல்செட் வலிப்பின்போது தொண்டைக்குள் போய்விடக்கூடும் என்பதால், நிலையாகப் பொருத்தும் பல் கட்டுவது இயலுமா என்று கேட்டு, அந்தக் காரணத்தையும் ரெஃபரலில் எழுதச் சொல்லுங்கள்.

வலிப்பில் விழுந்து தாடையோ பல்லோ உடைந்தால் ரெஃபரலுக்காகக் காத்திருக்க வேண்டாம். அருகில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போய்விட்டு, 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுங்கள். பட்டியலில் இல்லாத மருத்துவமனையாக இருந்தால் பில்களைப் பத்திரப்படுத்துங்கள், அங்கீகரிக்கப்பட்ட கட்டண அளவுக்குத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். கார்டு இன்னும் இல்லையென்றால், அது கைக்கு வரும்வரை ஈற்றை அப்படியே விட்டுவைக்காமல், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.