முக்காலித் துளையில் கருப்புப் புள்ளி இருந்தால் போதுமா?

கேமரா கேள்வி–பதில்

கேள்வி: பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய நிக்கான் டி750 ஒன்றை வாங்கினேன். கல்யாணப் படங்கள் சிலவற்றில் மேல் ஓரம் கருத்து விழுகிறது. இந்த மாடலை நிறுவனமே இலவசமாகச் சரிசெய்து தருவதாக சர்வீஸ் அறிவிப்பு வந்ததாமே? விற்றவரோ, "அடியில் முக்காலி மாட்டும் துளைக்குள் கருப்புப் புள்ளி இருக்கிறது, எல்லாம் செய்தாகிவிட்டது" என்கிறார். நம்பலாமா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: அந்தப் புள்ளியை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். டி750க்கு இரண்டு வெவ்வேறு குறைகளுக்காக அறிவிப்பு வந்தது. முதலாவது 2015 தொடக்கத்தில்: பலத்த வெளிச்சம் சட்டகத்தின் மேல்பக்கம் இருக்கும்போது ஃபிளேர் (ஒளிச்சிதறல்) வெட்டுப்பட்டதுபோல் விழும் குறை. கருப்புப் புள்ளி, இந்தக் குறை இல்லை அல்லது சரிசெய்தாகிவிட்டது என்பதற்கான அடையாளம். இரண்டாவது அதே ஆண்டு ஜூலையில் வந்தது. ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் இரட்டைத் திரை) சரியாக ஓடாமல் படத்தின் ஒரு பகுதி நிழலடிக்கும் குறை அது. உங்கள் தொல்லை இதற்குத்தான் நெருக்கம். இதற்கு வரிசை எண்ணைத்தான் பார்க்க வேண்டும். முதலில் 2014 அக்டோபர், நவம்பரில் தயாரானவை மட்டும் பட்டியலில் இருந்தன; 2016இலும் 2017இலும் பட்டியலை நீட்டினார்கள். ஆகவே 2015இல் "உங்கள் எண் இல்லை" என்று பதில் வந்த கேமராகூடப் பிறகு உள்ளே வந்திருக்கலாம். மறுபடி பாருங்கள்.

ஆனால் கருப்புப் பட்டை என்றாலே ஷட்டர் கோளாறு ஆகிவிடாது. கல்யாண மண்டபத்தில் இரண்டு காரணங்கள் அடிக்கடி ஏமாற்றும். ஒன்று ஃபிளாஷ். சாதாரண ரேடியோ டிரிக்கரோடு (ஃபிளாஷைத் தூரத்திலிருந்து அடிக்க வைக்கும் கருவி) 1/200 நொடிக்கு மேல் வேகம் வைத்தால், ஷட்டர் திரை சட்டகத்தை மறைத்துக்கொண்டிருக்கும்போதே ஃபிளாஷ் அடித்துவிடும். பட்டை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழும். இன்னொன்று விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். அந்தப் பட்டை படத்துக்குப் படம் இடம் மாறும், நிறமும் மாறும். வேகத்தை 1/100க்கோ 1/50க்கோ இறக்கினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

எனவே ஃபிளாஷைக் கழற்றிவிட்டு நல்ல வெயிலில் வெள்ளைச் சுவரைப் படுக்கைவாட்டில் எடுங்கள். எம் மோட் (எல்லாம் கையால் வைப்பது), ஆட்டோ ஐஎஸ்ஓ நிறுத்தம், ஐஎஸ்ஓ 400. 1/4000க்கு எஃப் 5.6, 1/2000க்கு எஃப் 8, 1/1000க்கு எஃப் 11. ஒவ்வொன்றிலும் தொடர் ஓட்டத்தில் 30 படம் போதும். நாலு மூலையும் எல்லாப் படத்திலும் ஒரே அளவில் மங்கினால் அது லென்ஸின் இயல்பு. நடுநடுவே ஒரு படத்தில் மட்டும் நீள ஓரத்தை ஒட்டி நிழல் விழுந்தால் ஷட்டர்தான். வேகம் கூடக்கூட இது அதிகம் தெரியும். 1/4000இல் இரண்டு திரைகளுக்கும் நடுவே மெல்லிய இடைவெளிதான் ஓடுகிறது. முதல் திரை கொஞ்சம் பிந்தினாலும் அந்த இடைவெளி சுருங்கிவிடும்.

குறை தெரிந்த படங்களைத் திருத்தாமல், ஜேபெக்கும் ராவுமாக ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். எந்த வேகத்தில், எத்தனை படத்துக்கு ஒன்று என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். "சில நேரம் கருப்பாகிறது" என்று வாயால் சொன்னால், கவுன்டரில் நாலு படம் எடுத்துப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.

கொடுக்குமுன் மெனுவில் உங்கள் செட்டிங்குகளைக் கார்டில் சேமித்து, கார்டை எடுத்துவிடுங்கள். ஏஎஃப் ஃபைன் டியூன் (லென்ஸுக்கேற்ப ஃபோகஸைத் திருத்தும்) எண்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீதில் வரிசை எண்ணும், எந்த அறிவிப்பின்படி வேலை என்பதும் இருக்கட்டும். கூடவே "வேறு செலவு வந்தால் கேட்டுவிட்டுச் செய்யவும்" என்று எழுதச் சொல்லுங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் இருந்த பழைய கேமராவைத் திறந்தால் பூஞ்சையோ உப்புத் துருவோ தென்படலாம். அதைச் சரிசெய்வது அறிவிப்பில் அடங்காது.

கேள்வி: என் டி750 ஏபி செட் (நிறுவனத்தின் உள்ளூர் முகவர் வழியாக வராமல் வெளிநாட்டிலிருந்து இறக்கியது). உள்ளூர் வாரண்டி கிடையாது. அறிவிப்பின்படி இங்கே எடுத்துக்கொள்வார்களா? தைப்பூச வேலையும் வருகிறது. (செந்தூல் வாசகர்)

பதில்: வாரண்டி வேறு, சர்வீஸ் அறிவிப்பு வேறு. தயாரிப்பிலேயே வந்த குறை என்பதால், வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசம் என்று இப்படிப்பட்ட அறிவிப்புகளில் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் வெளிநாட்டுச் செட்டை இங்குள்ள சர்வீஸ் சென்டர் ஏற்குமா, அந்த இலவசம் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதை நேரில் போகுமுன் மின்னஞ்சலில் கேளுங்கள். வரிசை எண், மாடல், அறிவிப்பின் தேதி மூன்றையும் எழுதுங்கள். பதிலை அச்சடித்துக் கையில் வைத்திருந்தால் கவுன்டரில் வாக்குவாதம் இராது.

பத்துமலையில் படம் எடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால், தைப்பூசம் முடிந்தபிறகு கொடுங்கள். பாகம் வர வேண்டியிருந்தால் நாள் இழுக்கும். அதுவரை 1/500க்குக் கீழே வைத்து ஓட்டினால் நிழல் தெரியும் வாய்ப்பு குறையும். இரண்டாவது பாடி ஒன்றைக் கட்டாயம் கூட வைத்துக்கொள்ளுங்கள். காவடி மறுபடி அதே படியில் ஏறாது.

கேள்வி: பேட்டரிக்கும் இப்படி அறிவிப்பு வந்தால் வேலை முடியும்வரை பயன்படுத்தலாமா? (பாயான் லெப்பாஸ் வாசகர்)

பதில்: கூடாது. சூடேறும் ஆபத்து என்று திரும்பப் பெறும் பேட்டரியை அன்றே நிறுத்துங்கள், சார்ஜிலும் போடாதீர்கள். 2012இல் நிக்கானின் இஎன்-இஎல்15 பேட்டரிகளில் லாட் எண்ணின் 9ஆவது எழுத்து இ அல்லது எஃப் என்றிருந்தவற்றை இப்படித்தான் மாற்றிக் கொடுத்தார்கள். பழைய கேமராவோடு வந்த பேட்டரியிலும் அந்த எழுத்தைப் பாருங்கள். அத்தகைய பேட்டரியைக் கூரியரில் போடாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.