கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு ஹேங் ஆகுதா? உங்க கேள்விகளுக்குப் பதில்

வீட்டு கம்ப்யூட்டர் வேலை நடுவுல அப்படியே நின்னு போகுதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒவ்வொண்ணா பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: ஹேங் ஆன உடனே பவர் பட்டனை அமுக்கிடாதீங்க. மெஷின் அந்த நேரத்துல எப்படி இருக்குன்னு பார்த்தாலே பாதி விடை கிடைச்சிடும். கீபோர்டுல கேப்ஸ் லாக்கைத் தட்டுங்க. அதோட விளக்கு எரிஞ்சு அணைஞ்சா விண்டோஸ் உள்ளே இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, டிஸ்க்கோ, டிரைவரோ (பாகங்களை இயக்கற மென்பொருள்) ஏதோ ஒண்ணு அதைக் காக்க வெச்சிருக்கு. விளக்கு மாறவே இல்ல, ஓடிட்டிருந்த பாட்டும் ‘டர்ர்ர்’னு ஒரே சத்தத்துல மாட்டிக்கிச்சுன்னா, பெரும்பாலும் ரேம், சூடு, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கற பெட்டி), மதர்போர்டு பக்கம்தான் தேடணும்.

கேள்வி (தஞ்சாவூர்): தம்பி, எங்க வீட்டு டெஸ்க்டாப் பழசு, ஹார்ட் டிஸ்க்தான், எஸ்எஸ்டி இல்ல. போட்டோ ஃபோல்டரைத் திறந்தா ரெண்டு நிமிஷம் அப்படியே நிக்குது. மவுஸ் மட்டும் நகருது, அப்புறம் தானா சரியாகுது. கடையில ஃபார்மட் அடிச்சா போயிடும்னு சொல்றாங்க. கொடுத்துடலாமா?

பதில்: கொடுக்காதீங்கம்மா. முதல்ல அந்தப் போட்டோ எல்லாத்தையும் வேற டிஸ்க்லயோ பென் டிரைவ்லயோ காப்பி பண்ணுங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான். நீங்க சொல்ற அறிகுறி டிஸ்க் சாகப் போகுதுங்கறதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு.

என்ன நடக்குதுன்னா, டிஸ்க்ல ஒரு இடம் பலவீனமாயிட்டா, அதைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். அது முடியற வரைக்கும் அந்த ஃபைலைக் கேட்ட புரோகிராம் எல்லாம் காத்துக் கிடக்கும். மவுஸுக்கு டிஸ்க் தேவையில்லை, அதனால அது மட்டும் நகரும். கேபினட் பக்கம் காதை வெச்சுக் கேளுங்க. நிக்கிற நேரத்துல ‘டிக்… டிக்…’னு ஒரே சீரா சத்தம் வந்தா சந்தேகமே வேண்டாம்.

காப்பி முடிஞ்சதும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்க. அதுல 05, சி5, சி6-னு மூணு வரி இருக்கும். 05-ங்கறது டிஸ்க் ஏற்கெனவே கைவிட்டு மாற்று இடம் கொடுத்த செக்டார், அதாவது தகவல் பதியற குட்டிப் பகுதி. சி5-ங்கறது படிக்க முடியாம முடிவெடுக்கக் காத்திருக்கிற செக்டார். சி6-ங்கறது சரிபண்ண முடியாம போனது. இந்த மூணு வரியிலயும் கடைசிப் பத்தியில இருக்கற எண் பூஜ்யமா இருக்கணும். சி5-ல ஏதாவது எண் இருந்து, அது வாரா வாரம் ஏறினா, டிஸ்க்கை மாத்திடுங்க. இந்த மூணும் சுத்தமா இருந்து சி7 மட்டும் ஏறிட்டே போனா சந்தோஷமான செய்தி: பெரும்பாலும் டிஸ்க் நல்லா இருக்கும், அதை மதர்போர்டோட இணைக்கற சாட்டா கேபிள்தான் கெட்டுப்போயிருக்கும். புதுக் கேபிளுக்கு ரொம்பச் செலவாகாது.

ஃபார்மட் ஏன் வேண்டாம்னு சொல்றேன்னா, சாதாரணமா கடையில அடிக்கிற குவிக் ஃபார்மட் டிஸ்க் முழுக்கப் படிச்சுப் பார்க்காது. விண்டோஸ் வேற நல்ல இடத்துல போய் உட்கார்ந்ததால கொஞ்ச நாள் வேகமா ஓடற மாதிரி இருக்கும். அப்புறம் அதே இடத்துக்கு வந்து நிக்கும். அதுக்குள்ள உங்க படங்கள் போயிருக்கும். குடும்பப் படங்களை இப்படித் தொலைச்சவங்க நிறைய பேர், கேட்கும்போதே மனசு கஷ்டமா இருக்கும். இன்னொண்ணு, காப்பி எடுக்காம விண்டோஸோட ‘செக் டிஸ்க்’ சோதனையை ஓட விடாதீங்க. ஏற்கெனவே தள்ளாடற டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வெச்சா, அந்த வேலையிலேயே அது போயிடலாம்.

கேள்வி (திருச்சி): விண்டோஸ் தன் பிழைகளைப் பதிவு பண்ற ஈவென்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41-னு சிவப்பா காட்டுது. அதுதான் காரணமா சார்?

பதில்: இல்லைங்க. விண்டோஸ் முறையா ஷட்டவுன் ஆகாம திரும்ப எழுந்திருக்குன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். ஹேங் ஆனதும் பட்டனை அமுக்கி நீங்களே அணைச்சிருப்பீங்க, அதுதான் பதிவாகியிருக்கு. அதுக்குச் சற்று முன்னாடி இருக்கிற வரிகளைப் பாருங்க. ‘டிஸ்க்’ங்கற பேர்ல 7 அல்லது 153-ங்கற எண் இருந்தா மேலே தஞ்சாவூர் அம்மாவுக்குச் சொன்னதைச் செய்யுங்க. ஹார்டுவேர் பிழையைப் பதியற வியா-லாகர் (WHEA-Logger) பேர் இருந்தா பிராசஸர், ரேம், போர்டு பக்கம் தேடுங்க. வியூவர் குழப்பமா இருந்தா ஸ்டார்ட்ல ரிலையபிலிட்டி-ன்னு டைப் பண்ணுங்க. எந்தத் தேதியில என்ன இன்ஸ்டால் ஆச்சு, என்னைக்கு விழுந்துச்சுன்னு நாள்வாரியா வரும்.

கேள்வி (கோயம்புத்தூர்): அண்ணா, வீட்ல தண்ணி மோட்டர் போட்டாலோ பழைய ஃப்ரிட்ஜ் ஸ்டார்ட் ஆனாலோ கம்ப்யூட்டர் ஹேங் ஆகுது, சில சமயம் ரீஸ்டார்ட்டே ஆகுது. யுபிஎஸ் இருக்கு. ரேம் மாத்தணும்னு ஒருத்தர் சொல்றார்.

பதில்: ரேமுக்குக் காசு போடறதுக்கு முன்னாடி கரன்ட்டைப் பாருங்க தம்பி. மோட்டர் இழுக்கற அந்த ஒரு நொடி வோல்டேஜ் படக்குனு இறங்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கிக்கும். உள்ளே கெப்பாசிட்டர் வறண்டு போன பழசு தாங்காது.

யுபிஎஸ் இருக்குன்னு நம்பிட்டும் இருக்காதீங்க. உள்ளே இருக்கற பேட்டரிக்கு ஆயுசு கொஞ்ச வருஷம்தான். முக்கியமான வேலை எதுவும் திறந்து இல்லாதப்போ, யுபிஎஸ் பிளக்கைச் சுவர்ல இருந்து பிடுங்கிப் பாருங்க. கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைஞ்சா பேட்டரி செத்துப்போச்சு.

மல்ட்டிமீட்டர் வெச்சிருந்தா கம்ப்யூட்டர் ஓடும்போதே எஸ்எம்பிஎஸ்-ல இருந்து வர்ற மஞ்சள் வயர்ல அளந்து பாருங்க; 11.4-ல இருந்து 12.6 வோல்ட்டுக்குள்ள நிக்கணும். ஆனா கண் இமைக்கற நேரத்துல இறங்கி ஏறற வோல்டேஜை சாதாரண மீட்டர் காட்டாது. அதனால நண்பர்கிட்ட நல்ல எஸ்எம்பிஎஸ் ஒண்ணு இரவல் வாங்கி மாட்டி ஓட்டறதுதான் உறுதியான சோதனை. பழசைத் திறந்து உள்ளே கை வைக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கினப்புறமும் ஷாக் அடிக்கிற அளவுக்கு அதுக்குள்ள சார்ஜ் நிக்கும்.

டார்ச் அடிச்சு மதர்போர்டையும் ஒரு பார்வை பாருங்க. பிராசஸரைச் சுத்தி வரிசையா நிக்கற குட்டி உருளைகளோட தலை தட்டையா இருக்கணும். பூரி மாதிரி உப்பியிருந்தாலோ, மேல பழுப்பு நிறத்துல ஏதாவது கசிஞ்சு காய்ஞ்சிருந்தாலோ, கோளாறு போர்டுலதான். கேபினட்டைத் தொட்டா சுர்ருனு இருந்தா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்க. அதைத் தள்ளிப் போடாதீங்க, அது உயிர் சமாசாரம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணா, வீடியோ பாக்கேக்க படம் மட்டும் நிண்டுடுது, சத்தம் தொடர்ந்து கேக்குது. என்ன பிரச்சினையா இருக்கும்?

பதில்: சத்தம் கேட்குதுன்னா மெஷின் உயிரோடதான் இருக்கு, பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர்தான் விழுந்திருக்கும். அடுத்த தடவை விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலு கீயையும் சேர்த்து அமுக்குங்க. திரை ஒரு தரம் கறுத்து, டிரைவர் புதுசா ஆரம்பிக்கும். படம் திரும்ப வந்துட்டா காரணம் உறுதி. அப்புறம் பிரவுசர் செட்டிங்ஸ்ல ஹார்டுவேர் ஆக்சலரேஷனை அணைச்சு சில நாள் பாருங்க. புது டிரைவர் வந்தப்புறம்தான் ஆரம்பிச்சதுன்னா டிவைஸ் மேனேஜர்ல ரோல் பேக் கொடுத்து பழைய டிரைவருக்கே திரும்புங்க.

கேள்வி (வேலூர்): ரேமைக் கழற்றி ரப்பர் போட்டுத் துடைச்சா சரியாகும்னு சொல்றாங்களே, நிஜமா?

பதில்: அந்தத் தங்க நிறப் பட்டையில அழுக்கு படிஞ்சிருந்தா நிஜமாவே சரியாகும். மின்சாரத்தைப் பிடுங்கிட்டு, மெத்துனு இருக்கற ரப்பரால லேசா தேய்ச்சு, துகள் ஒண்ணுகூட ஸ்லாட்டுக்குள்ள விழாம துடைச்சு மாட்டுங்க. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைச்சா அதுவே மேல். அப்புறம் ரேமைச் சோதிக்கற மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பக் கூடாது. பயாஸ்ல (மதர்போர்டோட அடிப்படை செட்டிங்ஸ்) ரேமை வேகமா ஓட்டற எக்ஸ்எம்பி போட்டிருந்தா அதை அணைச்சுட்டு ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு குச்சியா தனித்தனியா ஒரு தடவை சோதிங்க.

கேள்வி (மதுரை): வெயில் காலத்துல மட்டும் கேம் ஆடும்போது நிக்குது.

பதில்: கேபினட் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி விட்டு ஆடிப் பாருங்க. ஹேங் ஆகலைன்னா சூடுதான். தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, சுழல விடாதீங்க. பிராசஸர் மேல இருக்கற பழைய தெர்மல் பேஸ்ட்டை வழிச்சு எடுத்துட்டுப் புதுசு போடுங்க.

கேள்வி (சென்னை): என்கிட்ட இன்டெல் 14-ஆம் தலைமுறை ஐ7, கே மாடல். கேம் லோடு ஆகும்போதே கிராஷ், ஹேங். ரேம், டிஸ்க் எல்லாம் சோதிச்சாச்சு, சுத்தம்.

பதில்: அப்போ பிராசஸரையே சந்தேகப்படலாம். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலது தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்டு, நாளடைவுல உள்ளேயே தேய்ஞ்சு போறதை 2024-ல இன்டெல்லே ஒத்துக்கிச்சு. அதைத் தடுக்க அந்த வருஷம் ஆகஸ்ட், செப்டம்பர்ல மைக்ரோகோட்ங்கற பிராசஸர் திருத்தம் பயாஸ் அப்டேட் வழியா வந்தது. பயாஸை உங்க போர்டு கம்பெனி கொடுக்கற கடைசிப் பதிப்புக்குக் கொண்டு வாங்க. ஆனா இது இனிமேல் தேயாம காப்பாத்துமே தவிர, தேய்ஞ்சதைத் திருப்பித் தராது. பயாஸ் போட்டும் நின்னா வாரண்டிக்குப் போங்க. பெட்டியோட வாங்கின இந்த வகை பிராசஸர்களுக்கு இன்டெல் வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டியிருக்கு. பில்லை எடுத்து வைங்க.

கேள்வி (சேலம்): விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சதாலதான் ஹேங் ஆகுதா?

பதில்: இல்லை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. 11-க்கு மாறினாலும் கெட்ட டிஸ்க் கெட்ட டிஸ்க்தான்.

கேள்வி (திருநெல்வேலி): முதல் தலைமுறை ஏஎம்டி ரைசன் பிராசஸர், லினக்ஸ் போட்டிருக்கேன். வேலை பார்க்கும்போது ஒண்ணும் ஆகலை. சும்மா விட்டுட்டு சாப்பிடப் போய் வந்தா செத்துக் கிடக்குது. இது என்ன வினோதம் அண்ணா?

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்க. சும்மா இருக்கும்போது மட்டும் நிக்கறது அந்தத் தலைமுறைக்குத் தெரிஞ்ச வியாதி. பிராசஸர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போது இழுக்கற கரன்ட் ரொம்பக் குறையும், அதுல சில எஸ்எம்பிஎஸ் தடுமாறும். பயாஸ்ல பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்னு ஒரு வசதி இருக்கும், சில போர்டுல கொஞ்சம் உள்ளே தேடணும். அதை டிப்பிக்கல் கரன்ட் ஐடில்னு மாத்திடுங்க. அந்த வசதியே காணோம்னா முதல்ல பயாஸைப் புதுப்பிங்க, அப்புறம் தேடுங்க. இந்த ஒண்ணை மட்டும் மாத்திட்டு ரெண்டு மூணு ராத்திரி சும்மா ஓட விட்டுப் பாருங்க. கூடவே வேற எதையும் மாத்தாதீங்க, அப்புறம் எது வேலை செஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியாது.