பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பிறகு

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எனக்கு வயது 31. ஐந்து ஆண்டுகளாக ஒரு பெண்ணைக் காதலிக்கிறேன். சென்ற ஆண்டு, என் விளையாட்டுத்தனம் தாங்காமல், வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கடைசி நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. வீட்டுச் செருப்போடு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. கதவைத் தட்டி நிறுத்தி ஏறினேன். எல்லோர் முன்னிலையிலும், "இனி மாறிவிடுவேன், போகாதே" என்றேன். பின்னால் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவள் அழுதுகொண்டே இறங்கி வந்தாள். காதல் நகைச்சுவைப் படங்களின் கடைசிக் காட்சி அப்படியே என் வாழ்க்கையில் நடந்தது.

மூன்று வாரம் ஒழுங்காக இருந்தேன். பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. இப்போது ஒரே வீட்டில் வாழ்கிறோம். மின்கட்டணம் முதல் நான் பல் மருத்துவரிடம் போக வேண்டிய நாள் வரை அவள்தான் நினைவூட்டுகிறாள். இரண்டு மாதங்களுக்கு முன், திருமணப் பதிவு விண்ணப்பத்தில் தன் பகுதியை நிரப்பிக் கொடுத்தாள். இழுப்பறையில் வைத்தேன். அங்கேயே இருக்கிறது.

போன வாரம் கேட்டாள்: "நீ பஸ்ஸில் ஏறி வந்த அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருடம் ஓட்டுவது?" எனக்குப் பதில் வரவில்லை.

அவள் மேல் அன்பு துளியும் குறையவில்லை. ஆனால் திருமணம் என்றதும், வேலை முடிந்து வந்து செய்தித்தாளுக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அப்பாதான் கண்முன் வருகிறார். எனக்குப் பீட்டர் பான் சிண்ட்ரோம், அதாவது வயது வந்தும் பெரியவனாகப் பொறுப்பேற்க மறுக்கும் குணம், என்கிறார்கள் நண்பர்கள். இது நோயா அம்மா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புத் தம்பிக்கு,

நோய் இல்லை. டான் கைலி என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-ல் பரவலாக்கிய பெயர் அது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியல் எதிலும் அது கிடையாது. அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளாதீர்கள். "நான் இப்படித்தான்" என்று இருந்துவிட அது வசதியாகிவிடும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பஸ் நிலையத்தைச் செருப்பு முதல் கைதட்டல் வரை எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்துக்குக் கிடைத்தவை சில சொற்கள்தான். எனக்கு அந்த விண்ணப்பத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அன்று நீங்கள் ஓடியது பொய்யில்லை. ஆனால் உங்களை ஓட வைத்தது இழந்துவிடுவோமோ என்ற பயம். அவள் இறங்கி வந்ததும் பயம் தணிந்தது. பயம் தணிந்ததும் அது தந்த வேகமும் தணிந்தது. மூன்று வாரம் என்று நீங்களே கணக்குச் சொல்லிவிட்டீர்கள். பயத்தால் மாறுகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட படங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நாயகன் ஒன்றரை மணி நேரம் ஊர் சுற்றுகிறான், பொய் சொல்கிறான், அவளைக் காக்க வைக்கிறான். பார்க்கிறவர்களுக்கு அதுதான் கலகலப்பு. அவனைத் திருத்தும் பொறுப்பு அவள் தலையில். அவள் போனதும் ஒரு பாட்டுக்குள் அவன் அறையைக் கூட்டி, சவரம் செய்து, வேலைக்கும் போய்விடுகிறான். அப்புறம் ஓட்டம், பேச்சு, அணைப்பு, முடிந்தது. அதே படத்தில் மணமான நண்பன் ஒருவன் வருவான். மனைவியின் அழைப்பு வந்தால் நடுங்குவான், பெருமூச்சு விடுவான். வளர்ந்த ஆணின் மகிழ்ச்சி எப்படி இருக்கும் என்று அந்தப் படங்கள் காட்டுவது அரிது. உங்கள் வீட்டிலும் அதைப் பார்க்க வாய்க்கவில்லை. படத்தில் பெருமூச்சு விடும் நண்பன், வீட்டில் செய்தித்தாளுக்குப் பின்னால் அப்பா. கையெழுத்துப் போட்டால் அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும் என்று நினைத்தால் யாருக்குத்தான் கை வரும்?

உளவியல் அறிஞர் எரிக் எரிக்சன் 1950-ல் மனித வளர்ச்சியை எட்டுக் கட்டங்களாக வகுத்தார். இளம் வயதின் பெரும் பணி நெருக்கம் என்றார். தான் கரைந்துபோகாமல் இன்னொருவரோடு கலக்கும் துணிவு அதற்கு வேண்டும். உங்கள் தயக்கத்தில் அந்தக் கரைந்துபோகும் பயத்தைத்தான் பார்க்கிறேன். அப்பாவிடம் ஒரு மாலை கேட்டுப் பாருங்கள்: அந்தச் செய்தித்தாளுக்குப் பின்னால் என்ன யோசித்துக்கொண்டிருந்தீர்கள் என்று. களைப்பாக இருக்கலாம், கடனாக இருக்கலாம். இத்தனை வருடமும் திருமணத்தின் மேல் நீங்கள் சுமத்திய பழி வேறு எதற்கோ உரியதாகவும் இருக்கலாம்.

அவளுக்கு நீங்கள் இழைக்கும் அநீதியையும் சொல்லியாக வேண்டும். தம்பதியர் உறவை ஆராயும் உளவியலாளர் ஸ்காட் ஸ்டான்லியும் உடன் ஆய்வாளர்களும் 2006-ல் எழுதிய கட்டுரை ஒன்று, உறவுக்குள் முடிவெடுத்து நுழைவதையும் சறுக்கி நுழைவதையும் பிரித்துக் காட்டுகிறது. சேர்ந்து வாழ்கிறோம், வாடகை பகிர்கிறோம், இனிப் பிரிவது சிரமம் என்று நாட்கள் சேரச் சேர, முடிவே எடுக்காமல் கட்டுண்டு கிடப்போம். வெளியிலிருந்து பார்த்தால் உறுதி போலவே தெரியும். நீங்கள் சறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள், அவள் முடிவெடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். இழுப்பறையில் கிடப்பது அவளுடைய இரண்டு மாதம், தம்பி.

அதற்காக இன்றே பயந்து கையெழுத்துப் போடாதீர்கள். அது இரண்டாவது பஸ் ஓட்டமாகிவிடும். செய்தித்தாள் கதையை அவளிடம் சொல்லுங்கள். என்னிடம் எழுதியதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். எந்தத் தேதிக்குள் பதில் சொல்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பதில் 'இல்லை' என்றால் தெளிவாக 'இல்லை' என்று சொல்லுங்கள். அவள் தன் வழியைப் பார்க்க வேண்டும். இருவரும் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பார்ப்பதானால் இன்னும் நல்லது.

இடையில், மின்கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுவதை மட்டும் சொல்லவில்லை. நினைவில் வைத்திருப்பதையும் சேர்த்து. அடுத்த கட்டணம் அவள் வாய் திறக்காமலே கட்டப்பட வேண்டும், அதற்கடுத்ததும். கை தட்ட யாரும் இருக்க மாட்டார்கள். அவள் கவனிக்கவே சில மாதங்கள் ஆகலாம்.

பேச உட்காரும் முன் அந்த விண்ணப்பத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து, மடிப்பை நீவி, மேசை மேல் வையுங்கள். அதற்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கும் நிலை வர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்