பாலிஹவுஸா, புங்கமரமா? தேவனஹள்ளி 2 ஏக்கர் பற்றி

வணக்கம். பெங்களூரு பக்கத்துத் தேவனஹள்ளியில் உள்ள உங்கள் நிலத்தில், உங்கள் தம்பி 2 ஏக்கரிலும் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடில்) போட்டு ரோஜா வளர்க்கலாம் என்கிறார். அம்மா வரப்புப் புங்கமரங்களையும் குட்டையையும் தொடவிட மாட்டேன் என்கிறார். இதுதானே சிக்கல்?

2 ஏக்கர் என்றால் 80 குண்டே. முதலில் 20 குண்டேயில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கூரையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அந்தச் செலவு தம்பியின் கணக்கில் இருக்கிறதா? (என் கணக்கில் இல்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.)

புங்கமரம் பார்வைக்கு மட்டும் நிற்கவில்லை. தழை உரமாகும், பூவுக்குத் தேனீ வரும், விதை எண்ணெய்க்குப் போகும். வடக்கு வரப்பு மரத்தின் நிழல் வருடத்தில் பெரும்பகுதி உங்கள் பயிர்மேல் விழாது. பக்கத்து நிலத்துக்காரர் முகம் சுளிப்பார், அது வேறு கதை. தெற்கு வரப்பு என்றால் கிளை கழித்துவிடுங்கள், போதும். குட்டையை மூடவே வேண்டாம்; அந்தப் பக்கம் போர்வெல் 1,000 அடி தாண்டுவது சகஜம்.

மீதியில் கேழ்வரகு, நடுநடுவே அவரை வரிசை. ஓரத்தில் நாலைந்து சக்கோத்தா, அதாவது நம் பம்பளிமாஸ். புவிசார் குறியீடு வாங்கிய உங்கள் ஊர்ப் பழம். தைலமரம் மட்டும் வேண்டாம், கர்நாடகத்தில் 2017இலேயே புதிதாக நடத் தடை வந்துவிட்டது.

சரி, மரங்கள் எந்தத் திசை வரப்பில் இருக்கின்றன?