நான்கு சர்வே எண்களுக்கு நடுவே ஓர் ஓடை

அன்புள்ள ஐயா,

கள்ளிக்குடிக்குத் தெற்கே, எங்கள் ஊரில் வரவிருக்கும் 100 மெகாவாட் சோலார் பூங்காவைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். வருத்தமாக இருந்தது. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்தீர்கள், சரி. அது பாறையைக் குடைகிற வேலை. இதில் புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. இதையும் எதிர்த்தால் எதைத்தான் ஏற்பீர்கள்? கேட்கிற 400 ஏக்கரில் பாதி சீமைக்கருவேலம் மண்டிய தரிசு. என் அப்பா ஆறு ஏக்கரில் மக்காச்சோளம் போட்டுவிட்டு, பன்றிக்கும் மயிலுக்கும் காவல் இருந்தே ஓய்ந்துபோனவர். குத்தகைக்கு விட்டால் ஆண்டுதோறும் நிலையான பணம் வரும். மதுரையில் உங்கள் மாடியில் பேனல் வைத்துக்கொண்டு கிராமத்துக்கு மட்டும் வேண்டாம் என்பது என்ன நியாயம்? நானும் சிவில் பொறியாளன்தான், உணர்ச்சிவசப்பட்டு எழுதவில்லை.

ம., சென்னை

அன்புள்ள ம.,

மாடியில் பேனல் இருப்பது உண்மை. 3 கிலோவாட். வெயில் நம் ஊரில் வஞ்சகம் செய்வதில்லை என்பதால் மின்கட்டணம் நன்றாகவே குறைந்திருக்கிறது. திட்டமே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. ஆனால் மறுபடி வாசித்தபோது அப்படித்தான் தொனிக்கிறது. பிழை என்னுடையது.

அந்தக் கட்டுரைக்கு வந்த பாராட்டுகள் உங்கள் கண்டனத்தைவிட என்னைச் சங்கடப்படுத்தின. பேனல் பதித்தால் மேகம் கலைந்துவிடும், மழையே வராது என்று பலர் எழுதியிருந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியைப் பாருங்கள் என்றார்கள். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் வந்தது; 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள். ஆனால் ராமநாதபுரத்துச் சீமைக்குத் 'தண்ணியில்லாக் காடு' என்ற பெயர் அதற்கு எத்தனையோ காலம் முந்தியது. இல்லாத குற்றத்தைச் சுமத்தினால் இருக்கிற கேள்வியையும் எவரும் மதிக்கமாட்டார்கள்.

இருக்கிற கேள்வி தண்ணீர்ப் பாதை பற்றியது. நீங்கள் சொல்லும் தரிசை இரண்டு முறை நடந்து பார்த்தேன். சித்திரையில் போனபோது ஒன்றும் தெரியவில்லை. கரிசல் வெடித்துக் கிடந்தது, வெள்ளாடுகள் கருவேலங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தன. ஐப்பசியில் போனபோது அதே இடத்தில் முழங்கால் தண்ணீர் ஓடியது. செருப்பு ஒன்று போயிற்று. அந்த ஓடைதான் உங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரத்து. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு, மிச்சம் குண்டாற்றுக்கு. கமுதி ஓரமாகப் போவதும் அதே குண்டாறுதான்.

கிராம வரைபடத்தில் ஓடை புறம்போக்காக இருக்கும் இடங்களில் கோடு இருக்கிறது. நான்கு பட்டா சர்வே எண்களுக்குள் நுழைந்ததும் கோடு நின்றுவிடுகிறது. தண்ணீர் நிற்பதில்லை. நிலத்தைச் சமன்படுத்திச் சுற்றிலும் வேலி போடுகிறவர் கையில் இருப்பது அந்த வரைபடம்தான். அவர் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் சட்டப்படி குற்றம் காண்பதுகூடக் கடினம்.

டங்ஸ்டனோடு இதை நானும் ஒப்பிடமாட்டேன். 2024 நவம்பரில் ஏல முடிவு வந்தது, மக்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அங்கே வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு பதில்கள் போதுமாக இருந்தன. இங்கே போதாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சூரியமின் திட்டங்களுக்குப் பொருந்தாது. அதனால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. புகையில்லாத தொழில் என்பதால் தந்த சலுகை. அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் ஓடையைப் பற்றிக் கேட்க வேண்டிய இடமும் அதோடு போய்விட்டது. மிஞ்சியிருப்பது கிராம சபை.

அப்பாவின் ஆறு ஏக்கரைப் பற்றி உங்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. பன்றிக்குக் காவல் இருந்த ஓர் இரவுகூட என் கணக்கில் இல்லை. அவர் குத்தகைக்கு விடட்டும். பத்திரத்தை மட்டும் நீங்கள் வரிவரியாக வாசியுங்கள்: எத்தனை ஆண்டு, நிறுவனம் கைமாறினால் பணம் யார் தருவார், காலம் முடிந்ததும் கம்பங்களையும் சிமெண்டையும் பிடுங்கி எடுக்கும் செலவு யாருடையது. இந்தக் கடைசிக் கேள்விக்கு, நான் பார்த்த ஒரு நகலில் பதிலே இல்லை.

பத்திரத்தில் பெயர் வராதவர்களும் இருக்கிறார்கள். பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் போகிற பெண்கள், கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள், விதைப்புக்கு முன் கிடை போடும் ஆட்டுக்காரர்கள். வருவாய்த் துறை ஏட்டில் தரிசு என்றால் பயிர் ஏறவில்லை என்று பொருள். ஆடு ஏறியதா என்று அந்த ஏடு கேட்பதில்லை. பேனல் துடைக்கும் வேலை கிடைக்கும் என்கிறார்கள். கமுதியில் அதைச் செய்வது ரோபோக்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் சிலர் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறார்கள். ஓடையின் இரு கரையிலும் இடம் விட்டு வேலி போட வேண்டும், வண்டிப்பாதையை அடைக்கக் கூடாது, ஆட்சியர் அனுமதியில்லாமல் பனைகளை வெட்டக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு சர்வே எண்களில் ஓடை எந்தப் பக்கம் சரிகிறது என்பதில் ஊரில் இரண்டு கட்சி. டீக்கடையில் கைகலப்பு வரை போயிருக்கிறது. நீங்கள் சிவில் பொறியாளர். நிலத்தின் மேடு பள்ளம் அளக்கும் ஓர் ஆட்டோ லெவல் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் முன்னதாக ஊருக்கு வர முடியுமா? அளவுக்கோடு போட்ட ஸ்டாஃப் கட்டையை நான் பிடித்துக்கொள்கிறேன்.